முன்கையில் போட்ட ஊசி

என் கணவரைவிட நான் மூன்று வயது மூத்தவள். அத்தை மகன், சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று கட்டிவைத்தார்கள். கல்யாணமாகிப் பல வருஷங்கள் அது எங்கள் இருவருக்கும் ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பனியன் கம்பெனி, காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்குச் சரக்குப் போடுவதை விட்டு ஏற்றுமதிக்கு மாறியது. சரக்கு வாங்க வரும் வெளிநாட்டுப் பையர்களை அவர் பார்த்துக்கொண்டார், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கை நான் பார்த்துக்கொண்டேன். ஐரோப்பாவிலிருந்து வந்த பையர் ஒருவர் ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். கை கழுவி வந்தவர், உங்கள் அம்மாவின் சமையல் பிரமாதம் என்று என் கணவரிடம் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே, என் மனைவி என்று திருத்தினார். பையர் முகம் சிவந்து திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

அதற்குப் பிறகு எந்தப் பையரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எல்லோரையும் அவர் ஹோட்டலுக்கே அழைத்துப்போனார்.

நான் கண்ணாடியை விட்டு நகராமல் ஆனேன். மூக்கின் இரு பக்கமும் வாய் வரை இறங்கிய கோடுகளை விரலால் இழுத்துப் பிடித்துப் பார்ப்பேன். விட்டதும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். சிரித்தால் ஆழமாகிறதென்று சிரிப்பைக் குறைத்தேன். செக்கிங் மேஜையில் இருந்த பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி, "அக்கா, எங்க மேல ஏதாவது கோவமுங்களா?" என்று கேட்டாள்.

சாயப்பட்டறை ஆள் ஒருவருக்குக் கையில் புண் வந்தபோது கோயம்புத்தூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போயிருந்தேன். புடவை எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அவரிடம் போனேன்.

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மாட்டுத் தோலிலிருந்து எடுத்த ஒரு பொருளை ஊசியில் ஏற்றிக் கோட்டை நிரப்பலாம். உடனே தெரியும், ஆனால் சில மாதங்களில் கரைந்துவிடும், மறுபடி போட வேண்டும். அமிலம் தடவி மேல்தோலை உரிக்கலாம். என் நிறத்துக்குக் கறுப்புத் திட்டு விழலாம், ஆழமான கோட்டுக்கு அது பெரிதாக உதவாது. மூன்றாவது, ராத்திரியில் தடவும் களிம்பு. மெதுவாகத்தான் வேலை செய்யும், வெயிலில் கவனமாக இருக்க வேண்டும்.

"உங்களுக்கு எது தொந்தரவு? கோடா, இல்ல யாராவது சொன்ன வார்த்தையா?" என்று கேட்டார். ஊசி என்றேன்.

அதற்கு முதலில் ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இடது முன்கையில் துளி மருந்தைப் போட்டு, ஒரு மாதம் கவனிக்கச் சொன்னார்.

அந்த மாதம் எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. துணியில் ஓட்டை தேட வேண்டிய கண் கைக்கே போனது. மாட்டிலிருந்து எடுத்தது முகத்துக்குள் இருக்க, முருகன் சந்நிதியில் எப்படிப் போய் நிற்பது என்று ஒரு காலை நினைப்பேன். மறு காலை, போட்டால்தான் என்ன என்று தோன்றும். சில நாள் கை தெளிவாக இருக்க வேண்டும் என்று வேண்டினேன். சில நாள் சிவந்து தொலைந்தால் முடிவெடுக்கும் வேலையாவது மிச்சம் என்றிருந்தது.

சிவந்தது. தடித்து அரித்தது. அன்றைக்குப் பார்த்து, ஒரு கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வாங்க நானும் கணவரும் அனுப்பர்பாளையம் போய்க்கொண்டிருந்தோம். காரில் நான் சொறிவதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். கொசு என்றேன். அவர் வண்டியை ஓரம் கட்டினார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே."

"வந்து என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசித்தார். "வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதனாலதாங்க சொல்லல."

பிறகுதான் வாய் தவறிக் கேட்டேன், என்னோடு நிற்கக் கூச்சப்பட்டுத்தானே பையர்களை ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிறீர்கள் என்று. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மறுக்கா ஒருத்தன் அப்படிச் சொல்லி நீ நொந்துபோகக் கூடாதுன்னுதான். வேற எதுக்கு?"

எனக்கு அழுகை வந்தது. என்னைக் கேட்காமலே முடிவெடுத்தாரே என்று கோபமும் வந்தது.

இனி அந்த ஊசி என் உடம்புக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கைத் தடிப்பு அடங்கவே சில மாதங்கள் ஆயின. களிம்பை வாங்கி வந்தேன். முதலில் முகம் காய்ந்து செதில் செதிலாக உரிந்தது. அம்மை போட்டதா என்று கம்பெனியில் கேட்டார்கள். பிறகு தோல் கொஞ்சம் தெளிந்தது. ஆழமான கோடுகள் அப்படியே இருந்தன.

அடுத்த சீசனில் வந்த பையரை வீட்டுக்கே கூட்டி வரச் சொன்னேன். வாசலில் நானே முன்னால் போய், இவருடைய மனைவி என்று சொல்லிக் கை கூப்பினேன். பரிமாறிவிட்டு ஒதுங்காமல் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆனாலும் அந்தப் பையர் என்னை நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம், இவர் கணக்கில் எனக்கு என்ன வயசிருக்கும் என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டேதான் இருந்தது. களிம்பைப் பலமுறை நிறுத்தியிருக்கிறேன், பலமுறை மறுபடி வாங்கியுமிருக்கிறேன்.