அக்கா வேண்டாமென்ற ஆயில்

இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர், நண்பர்களில் பாதிப் பேராவது அக்காவின் வெள்ளை வண்டியில் ஏறியிருப்பீர்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஏழு பேர் வண்டியில் பத்துப் பேரை அடைத்துக்கொண்டு ஓட்டியவன் நான், அக்காவின் ஒரே தம்பி. அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் என்னை எழுதச் சொன்னார்கள். அந்த வண்டியை விட்டுவிட்டு எழுத எனக்கு வழியில்லை.

அக்கா நெமிலிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார். அப்பா குத்தகை நிலத்தில் நெல் போட்டவர். பத்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. அவர் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. மணமாகி மாதனூர் வந்தவர் கம்பெனி பஸ் ஏறி ஷூ ஃபேக்டரிக்குப் போனார். தையல் மெஷினில் தொடங்கி, தோலைச் சோதித்து அனுப்பும் பொறுப்புக்கு உயர்ந்தார். ஒவ்வொரு தோலின் கனத்தையும் சிறு கருவியில் அளந்து, தாளில் உள்ள அளவோடு ஒத்துப் பார்ப்பது அவர் வேலை. கொஞ்சம் கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அவரைப் பிடிக்காதவர்களும் உண்டு. வீட்டிலும் அப்படித்தான். புதுக் குக்கரோடு வந்த தாளைக்கூட முழுதாகப் படித்த பிறகே அடுப்பில் ஏற்றுவார்.

சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை வேலூருக்கு டயாலிசிஸுக்குப் போகவேண்டி வந்தபோது அக்காவின் கணவர், என் மாமா, அந்த வெள்ளை எஸ்யூவியை வாங்கினார். இன்னொருவர் ஓட்டிய வண்டிதான் என்றாலும் புதுமாதிரி டீசல் இன்ஜின். நான் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் ஜெனரேட்டர் பார்ப்பவன். ஆகவே வண்டி என் பொறுப்புக்கு வந்தது. மாமாவுக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. வண்டிக்கு ஏதாவது ஆனால் சாவியை வாங்கிச் சம்பள டிரைவரிடம் கொடுத்துவிடுவேன் என்று முதல் நாளே சொல்லிவைத்தார்.

இன்ஜின் ஆயில் மாற்றும் வேளை வந்தது. அக்கா வண்டிப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, 5W-30 என்று போட்டிருக்கிறது, அதிலும் எரியும்போது சாம்பல் குறைவாக விடும் வகைதான் வேண்டுமாம் என்றார். அது தண்ணீர் மாதிரி இருக்கும், ஜெனரேட்டருக்கு ஊற்றும் 15W-40 தான் கெட்டி, நம் வெயிலுக்கும் பாரத்துக்கும் அதுதான் தாங்கும் என்றேன். எனக்கே புத்தகம் காட்டுகிறாரே என்று எரிச்சல் வேறு.

“இன்னாடா பேசற? தடியா இருந்தா நல்ல தோலா? ஷூவுக்கு அடியில தடித் தோலு, மேல மெல்லிசு. மாத்தி வெச்சா ஊசி உடையும். எதுக்கு எதுன்னு எழுதிக் குடுத்துக்கிறான் இல்ல?”

சரிக்கா என்று தலையாட்டிவிட்டு என் ஆயிலையே ஊற்றினேன். அடுத்த முறையும் அதையே. வண்டி ஓடியது. எனக்குக் கொஞ்சம் திமிரும் ஏறியது.

ஒரு நாள் காலை, விரிஞ்சிபுரத்தை நெருங்கும்போது, டாஷ்போர்டில் சில நாட்களாக விட்டுவிட்டு எரிந்த மஞ்சள் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. எவ்வளவு மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. ஓரங்கட்டிவிட்டு அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, டயாலிசிஸுக்கு அவருக்கு ஒதுக்கிய இடத்தில் வேறொருவர் படுத்திருந்தார். மாலை வரை அக்கா காத்திருந்தார். கால் வீங்கி, மூச்சு வாங்கியது. நான் மிகவும் பயந்துபோனேன். அன்றைய தாமதத்துக்கும், பல மாதங்களுக்குப் பின் நேர்ந்த மறைவுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்ட மெக்கானிக், அதில் சாம்பல் ஜாஸ்தி, புகைக்குழாய் ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்றார். அதைக் கேள்விப்பட்ட மாமா நேராக மருத்துவமனைக்கு வந்து, அந்த ஆயிலை ஊற்றியது யார் யோசனை என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

“நான்தான் ஊத்தச் சொன்னேன். அவன் வேணாம்னுதான் சொன்னான்.”

மாமா வெளியே போனதும் என்னைப் பார்த்தார். “நீ கம்முனு இரு. சாவி போச்சுன்னா, வாரத்துக்கு ரெண்டு வாட்டி நான் யாரோட பேசிக்கினு வர்றது?”

கம்மென்று இருந்தேன். அதன் பிறகு புத்தகத்தில் உள்ள ஆயிலைத்தான் ஊற்றினேன். கேன் மேல் எழுதியிருப்பதை அக்கா படித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகே மூடியைத் திறப்பேன். கடைசிப் பயணம் வரை வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. ஆனால் வீட்டில் அந்தப் பேச்சு நிற்கவில்லை. எல்லாவற்றையும் படித்துப் பார்ப்பவள் ஆயில் விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டாள் என்று மாமா இன்றும் சொல்கிறார். பதினாறாம் நாள் காரியத்தன்றும் சொன்னார். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கம்பெனி பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர இடம் பிடித்துவைத்த தோழிகளுக்கும், அன்று விரிஞ்சிபுரத்தில் சவாரியைப் பாதியில் விட்டு எங்களை ஏற்றிக்கொண்ட, பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்ட ஆட்டோக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மாமா, உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மலரை நீங்கள் படிக்கும்போது வண்டிச் சாவி அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதைத் திரும்ப என்னிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். அந்த ஆயில் விஷயத்தில் மட்டும் இனி அக்காவைக் குறை சொல்லாதீர்கள்.