ஐந்து பேருக்கு ஒரு பிரஷர் வாட்ச்

1

அன்று குடோனில் இருந்தவர்கள்: நான், மூட்டை கேங்கின் மேஸ்திரி. முனியாண்டி, அட்டி என்கிற மூட்டை அடுக்கில் ஏறுபவர்களில் மூத்தவன். கோ தெய்ன், பர்மாக்காரர், இருபது வருடமாக எங்களோடு இருந்து எங்களைவிட நல்ல தமிழ் பேசுவார். பாபு. ரவி. இவர்கள் அண்ணன் தம்பி. முதலாளியின் மகள் வாணி, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தது.

குடோன் பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கம். உளுந்தும் பயறும் வரும், போகும். அதற்கு முந்திய மாதம் பக்கத்து குடோனில் ஒருவர் மூட்டையோடு அட்டிக்கு ஏறும் பலகையிலிருந்து விழுந்தார். பிரஷர் என்றார்கள். உடனே எங்கள் முதலாளி சட்டம் போட்டார். காலையில் எல்லோரும் பிரஷர் பார்க்க வேண்டும். நூற்றைம்பதுக்கு மேல் இருந்தால் அன்று அட்டி ஏறக்கூடாது. ஏறாவிட்டால் கூலி இல்லை.

எனக்குப் பிரஷர் உண்டு, மாத்திரை போடுகிறேன். அதனால் வாணி எனக்கென்று ஒரு வாட்ச் வாங்கி வந்திருந்தது. காற்றுப் பட்டை கட்டாமலே நம்பர் காட்டும். அடியில் பச்சை விளக்கு எரியும்.

"மாமா, கையை நீட்டுங்க."

ஒரு கையில் அது கொண்டுவந்த பட்டை, மறு மணிக்கட்டில் வாட்ச். மூன்று தடவை எடுத்தது. பட்டையில் வந்த நம்பரை என் போனில் போட்டது.

"செட் பண்ணியாச்சு. மாசம் ஒரு தடவை இதே மாதிரி பட்டை கட்டி சரி பண்ணிக்குங்க."

இரண்டு நாளில் வாணி பட்டையை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் போய்விட்டது.

எங்கள் கேங்கில் ஒருத்தனுக்கு மட்டும் என்று எதுவும் கிடையாது. டீ பொது, குடை பொது, வெற்றிலை பொது. வாட்சை நான் மட்டும் கட்டிக்கொண்டு திரிய மனசு வரவில்லை. தராசுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். காலையில் ஆளுக்கு ஒரு தடவை கட்டிப் பார்த்தோம்.

2

எனக்கு 132. பாபுவுக்கு 130. ரவிக்கு 131. கோ தெய்னுக்கு 133. முனியாண்டிக்கு 131.

முனியாண்டிக்குப் பழைய பிரஷர். ஆஸ்பத்திரியில் நூற்றெண்பது வரை பார்த்திருக்கிறார்கள். அவனுக்கே நம்ப முடியவில்லை.

"ஒரே பானைச் சோறு திங்கிறோம், ஒரே நம்பர் வருது," என்றான் பாபு.

"மேஸ்திரி பிரஷர் எனக்கு வந்துருச்சு. மேஸ்திரி சம்பளம் எப்ப வரும்?" என்றான் முனியாண்டி.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அப்போது அவன் மாத்திரை கிடைப்பது சிரமம். நாலு கடை ஏறினால் ஒரு கடையில் இருக்கும். ஒருநாள் கேட்டான்.

"மாத்திரையை நிறுத்திடவா மேஸ்திரி?"

"நம்பர் நல்லாத்தானே இருக்கு. நிறுத்திப் பாரு."

இதைச் சொன்னது நான்.

வாட்ச் மாட்டி ஐந்தாவது வாரம். காலை பத்து மணி இருக்கும். முனியாண்டி மூட்டையோடு பலகைக்கு வந்தவன் கால் வைக்காமல் நின்றான்.

"பலகை ரெண்டாத் தெரியுது மேஸ்திரி."

மூட்டையை இறக்கி உட்கார வைத்தோம். தலை பிளக்கிறது என்றான். வாட்சைக் கட்டினேன். 133.

"பாத்தீங்களா, ஒண்ணுமில்ல. வெயிலு," என்று எழுந்திரிக்கப் பார்த்தான்.

கோ தெய்ன் அவன் தோளை அமுக்கினார். "நம்பரை விடுங்க மேஸ்திரி. மூஞ்சியைப் பாருங்க."

சைக்கா என்கிற மிதி ரிக்‌ஷாவில் ஏற்றி, முக்குக் கிளினிக்குக்கு மிதிக்கச் சொன்னோம். அங்கே டாக்டரம்மா பட்டை கட்டினார். இரண்டு கையிலும் பார்த்தார். 214. கீழ் நம்பர் 126.

டாக்டரம்மாவை இங்கே சயாமா என்போம். நான் வாட்சைக் காட்டினேன். "சயாமா, இதுல 133 தானே வந்துச்சு?"

"இது யார் கைக்கு செட் பண்ணது?"

"என் கைக்கு."

ஆஸ்பத்திரி போக டாக்சி வரும்வரை அவர் முனியாண்டியின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அங்கேயே வாட்சைத் தன் கையில் கட்டினார். 131.

"எனக்கு எப்பவும் நூறுதான்," என்றார். அவர் பர்மா பாஷையில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "இது தானா அளக்கிறதில்ல. உங்க நம்பரை அடியில வெச்சுக்கிட்டு, அதுலேருந்து ஏறுதா இறங்குதான்னுதான் பாக்குது. யார் கட்டினாலும் உங்க நம்பர் பக்கத்துலயேதான் நிக்கும்."



ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். முனியாண்டி சம்சாரம் மா சான் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டது.

"மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது?"

"நான்தான்."

மருந்துச் சீட்டை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனது. திட்டியிருக்கலாம்.

3

முனியாண்டிக்குப் பதில் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார் முதலாளி. தப்பு என்னுடையது, அவன் போனால் நானும் போகிறேன் என்றேன். முனகிக்கொண்டே விட்டார். முனியாண்டி சாக்கு வாய் தைத்தான், அரைக் கூலி. நூற்று நாற்பதுக்குக் கீழே வராமல் மூட்டை தொடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

வாட்சை அவனுக்கே கொடுத்தேன். என் நம்பரை அழித்து, அவன் கைக்கு டாக்டரம்மா செட் பண்ணினார். மாதாமாதம் சரி பார்க்க வேண்டும், மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் பட்டையில் பார்த்து நான்தான் சொல்வேன் என்றார். குடோனுக்கு முதலாளி ஒரு பட்டை மெஷின் வாங்கினார். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் பார்க்கிறோம். பாபுவுக்கு 118. கோ தெய்னுக்கு 152. இத்தனை நாள் அவருக்கும் தெரியாது. இப்போது அவரும் மாத்திரை போடுகிறார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். எதை வேண்டுமானாலும் பங்கு போடுங்கள். அடுத்தவன் கைக்கு செட் பண்ணினதை உங்கள் கையில் கட்டாதீர்கள். மேஸ்திரி சொன்னான் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

முனியாண்டிக்கு வாராவாரம் பட்டையில் எழுதினேன். 168. 160. 151. 146. 143. போன திங்கட்கிழமை வாட்சில் 137 காட்டியது. மூட்டைக் கொக்கியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனான்.

"ஏய், உட்காருடா," என்றேன்.

உட்கார்ந்தான். பட்டையைக் கட்டினேன். ரவி டீயைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றான். காற்று ஏறி இறங்கியது.

139.