சோடா மூடியில் நின்ற சிப்பாய்கள்

போன மாதம் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளைக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் விரல்நுனி உயரத்துக்குச் சிப்பாய்கள், குதிரைகள், பீரங்கிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்களோடு மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் நடத்துவது அவருடைய பொழுதுபோக்கு. அன்றைக்கு ஒரு குழப்பத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு விதிப்புத்தகம் சிப்பாய் நிற்க ஆளுக்கு ஒரு அடிக்கட்டை என்கிறதாம், இன்னொன்று நாலு பேரை ஒரே பலகையில் ஒட்டச் சொல்கிறதாம். எந்தப் புத்தகத்தை நம்பி ஒட்டுவது என்று சும்மா பேச்சுக்கு என்னிடம் கேட்டார்.

“ஒட்டாதீங்க மாப்பிள்ளை, காந்தம் வைங்க” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாமனாருக்கு நெல்லும் பென்ஷனும்தான் தெரியும் என்று நினைத்திருப்பார் போல. அதற்குள் பசைக் குழாயைத் திறந்துவிட்டிருந்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதும், உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குத் தவிட்டு வாசனையும் கூடவே வந்துவிட்டது.

தவிடு என்றால் சேகர் வீட்டு ரைஸ் மில். திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பாதி நிலம் சேகருடைய அப்பாவுடையது. அந்த நிலத்தில் நட்டு அறுத்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள். நானும் சேகரும் ஒரே காலேஜில் ஒரே பெஞ்சு. வெளியே அவன் எனக்குச் ‘சின்னவரு’. மில்லுக்குப் பின்னால் உமி கொட்டும் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டால் வாடா, போடா. அந்தக் கதவைத் தாண்டும்போது என் நாக்கு தானாகவே மாறிக்கொள்ளும். அதைப் பெரிய சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுடைய சித்தப்பா சிங்கப்பூரில் இருந்தார். வருகிறபோதெல்லாம் பிளாஸ்டிக் சிப்பாய்ப் பெட்டிகளும் விளையாட்டு விதிப்புத்தகங்களும் கொண்டுவருவார். காலேஜ் முடித்து நான் திருவாரூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையானால் கொட்டகைதான். மீசை வைத்த இரண்டு ஆம்பிளைகள் பொம்மை வைத்துக்கொண்டு தவழ்வதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்வோம்.

எங்களிடம் இருந்த புத்தகங்கள் இரண்டு. ஒன்றில் நாலு பேர் சேர்ந்து ஒரு பலகை. யாரும் தனியாகச் சாக மாட்டார்கள், தோற்றால் பலகையோடு போவார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் ஆட்டம் முடிந்துவிடும். மற்றதில் ஒவ்வொருவனும் தனித்தனியாக விழ வேண்டும், தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். பொழுது சாய்ந்துவிடும். சேகருக்கு அழகு முக்கியம். உமிக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, புல்தரை மாதிரி பலகையில் தூவி, நாலு நாலாக ஒட்டிவிடலாம் என்றான். ஒட்டினால் ஒரு புத்தகத்துக்குத்தான் ஆகும், மற்றது வீண் என்றேன் நான். இந்த ஒரு விஷயத்தைப் பல வாரம் பேசினோம். உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி.

கடைசியில் வழி கிடைத்தது தஞ்சாவூரில். ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வாசலில் கதவு ரப்பர் ஒன்று கிடந்தது. கிழித்துப் பார்த்தால் உள்ளே நீளமாகக் காந்தப் பட்டை, துணி மாதிரி வளைகிறது. சோடா மூடிகளைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, மூடிக்கு ஒரு சிப்பாயாக ஒட்டினேன். மரப்பலகையில் காந்தப் பட்டையைப் பதித்தேன். நாலு பேரைப் பலகையில் வைத்தால் சேர்ந்து நகர்வார்கள், பிடுங்கினால் தனி ஆள். எந்தப் புத்தகத்துக்கும் அதே படை. ஊரிலுள்ள பெட்டிக்கடைகளிலெல்லாம் மூடி பொறுக்கியதில் என்னைக் கொஞ்சம் கழன்றவன் என்று பேசிக்கொண்டார்கள். சேகர் ஒரு பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தான். ஒருவனும் விழவில்லை. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

அந்த வருஷம் அறுவடைக் கூலித் தகராறு முற்றியது. கூலிச் சட்டம், குத்தகைச் சட்டம், உச்சவரம்பு என்று சென்னையில் நிறையப் பேசினார்கள். கோட்டையில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் என்றுதான் எங்கள் தெருவும் நம்பியது. ஆனால் வயலில் இறங்கிக் கேட்டால்தான் மரக்கால் நெல் கூடும். கேட்டவர்களுக்கு முன்னால் நின்றவர் என் அண்ணன் மாணிக்கம். கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. கூலி முடிவாகாமல் யாரும் அரிவாள் எடுப்பதில்லை, வெளியூர் ஆளை இறக்கினால் வரப்பில் உட்கார்ந்து மறிப்பது என்று சங்கத்தில் பேசி முடித்திருந்தார்கள்.

அந்த வாரம் சேகர் ஆபீசுக்கே வந்தான். ஞாயிற்றுக்கிழமையானாலும் தாசில்தார் ஆபீசுக்கு வருகிறார், அவர் முன்னிலையில் பேச்சுவார்த்தைக்கு அப்பா சம்மதித்துவிட்டார், அதுவரை வெளியூர் ஆள் வராது என்றான்.

“எங்கப்பா வாக்கு குடுத்துட்டாரு. உங்கண்ணன்கிட்ட சொல்லிடு. அத்தன பேரும் திருவாரூருக்கே வரட்டும், கூட்டம் இருந்தாத்தான் அதிகாரி மதிப்பான்.”

நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே என் முகத்தைப் பார்த்தார். “சின்னவரே சொன்னாராடா?” என்றார். ஆமாம் என்றேன். அவருக்கு அது போதுமாயிருந்தது.

ஞாயிறு காலை தெருவே கிளம்பித் திருவாரூருக்குப் போனது. நானும் கிளம்பினேன். நீ சர்க்கார் வேலையில் இருக்கிறவன், அங்கே உன் முகம் தெரியக் கூடாது என்று சொல்லிச் சேகர் என்னைக் கொட்டகைக்கு அழைத்துக்கொண்டான். நியாயமாகத்தான் பட்டது.

பலகை விதியில் ஆடினோம். வழக்கம்போல் சீக்கிரம் முடிந்தது, நான்தான் ஜெயித்தேன். ஊருக்குள் போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தேன். சேகர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

“இன்னொரு புக்குல ஆடுவோம்டா. அடிக்கட்டைகூட மாத்த வேணாம். அதான் நீ காந்தம் வெச்சிருக்கியே.”

சந்தோஷமாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு சிப்பாயாகப் பிடுங்கித் தனியே நிறுத்தினேன். அன்றைக்கு மில் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏன் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சத்தத்தில் லாரி வந்ததும் கேட்கவில்லை, போலீஸ் வேன் வந்ததும் கேட்கவில்லை.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வடக்கு வெளி முழுக்க, லாரியில் வந்த வெளியூர் ஆட்கள் அறுத்துப் போட்ட நெல்தாள். தாசில்தார் ஆபீசில் பூட்டுத்தான் தொங்கியிருக்கிறது. விஷயம் தெரிந்து ஓடிவந்தவர்களைப் போலீஸ்காரர்கள் வாய்க்கால் பாலத்திலேயே மறித்து அடித்திருக்கிறார்கள். அண்ணனுக்கு முழங்கை முறிந்துவிட்டது. அப்படியே வேனில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

சேகரிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். அவன் சிப்பாய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். மறுக்கவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை.

“அப்பா சொன்னாரு, நான் என்ன பண்றது? ஒன்ன மட்டுமாவது காப்பாத்துனேன்ல. நீ பாலத்துல நின்னிருந்தா வேலை போயிருக்கும்.”

“எங்கண்ணன் கை போச்சேங்க” என்றேன். அந்தக் கொட்டகைக்குள் அவனை ‘ங்க’ போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். படையில் என் பாதியை எடுக்காமலே வந்துவிட்டேன்.

பல வருஷம் கழித்து கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் சேகர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெளிநாட்டில் மகனோடு இருப்பதாகச் சொன்னான். அந்தக் காந்த ஐடியாவை அங்கே எல்லோரிடமும் சொல்வானாம். சிரித்துக்கொண்டே என் இலைக்கு ஜாங்கிரி வைக்கச் சொன்னான். அவன் கணக்கில் அது துரோகமே இல்லை, எனக்குச் செய்த உபகாரம்.

இப்போது அந்த மில் இல்லை. அந்த இடத்தில் மனைக்கட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். நிலத்தில் பாதி கைமாறி எங்கள் தெருக்காரர்களிடமே வந்துவிட்டது. அறுப்புக்கு பெல்ட் மெஷின் வருகிறது. யார் ஆள், எந்த ஊர் ஆள் என்று யாரும் கேட்பதில்லை. சங்கக் கொடிமரம் ரோடு அகலப்படுத்தியதில் போயிற்று.

முன்பெல்லாம் அண்ணன் சங்கத்திலிருந்து வந்ததும், வாயில் சோற்றோடு என்னிடம் எல்லாவற்றையும் சொல்லுவார். யார் என்ன பேசினார்கள், நாளைக்கு எங்கே கூடுகிறார்கள், எல்லாம். ஜெயிலிலிருந்து வந்த பிறகு என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என் கல்யாணத்தை அவர்தான் முன்நின்று நடத்தினார், மடங்காத அந்தக் கையால் தாம்பூலத் தட்டை ஏந்திக்கொண்டு. ஆனால் அவர் தோழர்களோடு உட்கார்ந்திருக்கும்போது நான் உள்ளே நுழைந்தால் பேச்சு மழைக்கும் மேட்டூர்த் தண்ணீருக்கும் மாறிவிடும். போன தையில் இறந்துபோனார். கடைசிவரைக்கும் மழையைப் பற்றித்தான் பேசினோம்.