பார்ட்டி வராமல் சீல் உடைக்கக் கூடாது

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எங்க வெப்ப?" என்பதுதான். நியாயமான கேள்வி. ராயபுரத்தில், ஹார்பர் மதிலுக்கு இரண்டு தெரு உள்ளே, மாடியில் ஒரு ஹாலும் ஒரு சமையலறையும் சேர்ந்ததுதான் எங்கள் வீடு. அந்த ஹாலில் கட்டில், பீரோ, டிவி, தையல் மிஷின், சாமி படங்கள் எல்லாம் குடியிருந்தன. ராத்திரி பாய் விரிக்கத் தையல் மிஷினைக் கதவோரம் தள்ள வேண்டும். மிச்சம் இருந்தது ஜன்னலோரம் ஒரு துண்டு இடம். அதில் ஒரு குட்டி மேஜை போடலாம், அதன் மேல் ஒரு சாமான் வைக்கலாம். இரண்டாவது சாமானுக்கு வழியில்லை.

அப்போது நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் என் கைவண்ணம். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை பாதிக் கல்யாணங்களுக்கு நான்தான் எழுத்துப்பிழை பார்த்தேன் என்று கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் செய்வேன். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் வேலை குவிந்தால் "நம்ம கடை" என்பார், யாராவது பாராட்டினால் "என் கடை" என்பார். அந்த 'நம்ம'வுக்கும் 'என்'னுக்கும் நடுவில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது. வீட்டிலேயே மிஷின் போட்டு, நானே வேலை பிடித்து, நானே செய்துகொடுப்பது என்று முடிவு செய்தேன்.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இது பிடிக்கவில்லை. ஹார்பரில் கப்பல் சரக்கு இறக்கும் கேங்கில் இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்தார். மாசச் சம்பளம் வருகிற வேலையை விடுவது அவருக்குக் கடலில் குதிக்கிற மாதிரி.

"சொந்தமா தொயில் பண்றதுக்கு நாம இன்னா பார்ட்டியா?" என்றார்.

ஹார்பரில் பார்ட்டி என்றால் சரக்குக்குச் சொந்தக்காரர். நைனாவின் கதைகளில் பார்ட்டி எப்போதும் கடைசியில் வருவார், கார் வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. கப்பலில் வந்த ஒவ்வொரு மூட்டையையும் கேங்கு தொட்டிருக்கும், தோளில் சுமந்திருக்கும், அதில் ஒன்றுகூடக் கேங்குடையது கிடையாது. பார்ட்டி என்பது எங்கள் தெருவுக்குள் வராத ஒரு ஜாதி ஆள் என்றே நான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அதனால் அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ரெண்டு நாள் அவரோடு நான் சரியாகப் பேசவில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவுக்கு மூன்று பேரும்தான் போனோம். துணி எடுக்கப் போகிறாற்போல அம்மா பெரிய பையோடு வந்தாள்.

அங்கே எல்லோரும் வாங்கிக்கொண்டிருந்தது அசெம்பிள்டு மிஷின். தனித்தனியாகப் பொருள் பொறுக்கி, கண் முன்னாலேயே பூட்டித் தருவார்கள். விலை சல்லிசு. பழுதானால் பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம், நாளைக்கு வசதி வந்தால் பெரிதாக ஏதாவது சேர்த்துக்கொள்ளலாம். எல்லாம் சரி. ஆனால் கீழே ஒரு டப்பா, மேலே முதுகு பெருத்த மானிட்டர், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், இவற்றை எல்லாம் இணைக்கப் புற்று போல ஒயர். இதைக் கொண்டுபோய் வைத்தால் எங்களில் ஒருவர் மொட்டை மாடிக்குக் குடிபோக வேண்டியதுதான்.

கடையின் மூலையில் ஆல்-இன்-ஒன் நின்றது. திரைதான் கம்ப்யூட்டர். ஸ்பீக்கர், கேமரா, சகலமும் அதற்குள்ளேயே. முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தது போல ஒயிலாக நின்றது, பின்னால் ஒரே ஒரு ஒயர். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் மனசு போய்விட்டது. விலையைக் கேட்டபோது கொஞ்சம் திரும்பி வந்தது. அசெம்பிள்டு வாங்கும் பணத்தோடு இன்னொரு பாதி சேர்க்க வேண்டும்.

நைனா அதன் முதுகைத் தேங்காய் பார்ப்பது போல் விரலால் தட்டினார்.

"இதுக்குள்ள இன்னா கீது?"

"அதெல்லாம் தொறக்கக் கூடாது சார். தொறந்தா வாரண்டி போயிடும். சீல் போட்ருக்கு பாருங்க" என்று கடைக்காரர் பின்பக்கம் ஒரு திருகாணியின் மேல் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் காட்டினார்.

சீல் என்ற சொல்லைக் கேட்டதும் நைனாவின் முகம் மாறியது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூட்டையும் பீப்பாயும் மரக்கட்டையுமாகச் சரக்கு வரும், ஒரு கப்பலை இறக்கக் கேங்கு கேங்காக ஆள் வேண்டும். அப்புறம் கண்டெய்னர் வந்தது. பூட்டி, சீல் வைத்த இரும்புப் பெட்டி. கிரேன் தூக்கும், லாரி கொண்டுபோகும், கேங்கு கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். அப்படி வேடிக்கை பார்க்கப் பிடிக்காமல்தான் அவர் ஓய்வு வாங்கினார். மூடின பெட்டி என்றாலே அவருக்கு ஆகாது.

"வாணாம் பாப்பா. மூடுன பொட்டி. நாளிக்கு எதுனா சேக்கணும்னா எங்க சேப்ப? அது அதும்பாட்டுக்கு வாய மூடிகினு நிக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைக்காரரே மழுப்பலாகத்தான் தலையாட்டினார். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சேக்கறதுக்கு வூட்ல எடம் கீதா நைனா? மொதல்ல வெக்கறதுக்கு எடம் வேணாமா?"

அம்மா இந்தச் சண்டையில் தலையிடவில்லை. அவளுக்கு வேறு கவலை. நான் ஆசைப்பட்டது வெள்ளை மாடல்.

"வெள்ள வாணாம். நம்ம வூட்ல வெள்ளன்னு வாங்குனது எதுனா வெள்ளையா கீதா?"

ஹார்பரில் நிலக்கரி இறக்குகிற நாளில் கொடியில் போட்ட துண்டைத் தட்டினால் கரித்தூள் கொட்டும். எங்கள் ஊர்க் காக்காயே ஒரு பூச்சு கூடுதல் கறுப்பு என்பாள் அம்மா. ஆக அழகுப் பிரச்சினையை நிலக்கரி தீர்த்துவைத்தது. கறுப்பு ஆல்-இன்-ஒன் வாங்கினோம். "ஒன் துட்டு, ஒன் இஷ்டம்" என்று நைனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் பஸ்ஸில் அட்டைப் பெட்டியை வேறு யார் மடியிலும் வைக்க விடவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள். ஜன்னலோரம் மிஷின் பாந்தமாக உட்கார்ந்தது. அம்மா பழைய பட்டுப் புடவையில் ஓரம் தைத்து உறை போட்டாள். காலையில் உறையை எடுத்து உதறினால் கரி பறக்கும், அதன் பிறகு வேலை ஆரம்பம். பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் கட்டிலில் உட்கார்ந்து மாமன் பெயரையும் சித்தப்பன் பெயரையும் எந்த வரிசையில் போடுவது என்று சண்டை போடுவார்கள். அம்மா டீ கொடுத்துச் சமாதானம் செய்வாள். தையல் மிஷின் ஒரு பக்கம் ஓட, விசைப்பலகை ஒரு பக்கம் ஓட, நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். நைனா மட்டும் அதை "ஒன் கண்டெய்னரு" என்றே சொல்லுவார். ஆனால் தெருப் பிள்ளைகள் யாராவது அதன் பின்பக்கம் கையைக் கொண்டுபோனால், "சீலு கீது, கைய வெக்காத" என்று அதட்டுவார். பிடிக்காத பெட்டி என்றாலும் சீல் சீல்தான். அவர் ஷிப்டில் ஒரு கண்டெய்னரின் சீல் உடைந்திருந்தால் மொத்தக் கேங்கையும் நிற்க வைத்துச் சோதனை போட்ட காலத்திலிருந்து வந்த பயம் அது.

ஒரு வருஷம் தாண்டியதும் வினை ஃபிளெக்ஸ் பேனரில் வந்தது. திடீரென்று ஊரில் எல்லோருக்கும் பேனர் வேண்டியிருந்தது. பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, செத்த வீடு, எதுவானாலும் வீட்டு உயரத்துக்குப் படம். அவ்வளவு பெரிய படத்தைத் திறந்தால் என் மிஷின் திணறிப்போய் நிற்கும். ஒரு பட்டனை அழுத்திவிட்டு நான் போய் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வருவேன், அப்போதும் திரையில் மணல்கடிகாரம் சுற்றிக்கொண்டிருக்கும். கட்டிலில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பழைய கடைக்கே போனார்கள். பழைய முதலாளியும் சொல்லியனுப்பினார்: பெரிய மிஷின் வாங்கியிருக்கிறேன், உன் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, ஒன்றாம் தேதி வந்துவிடு.

அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. நைனா சொன்னது பலித்துவிட்டதே என்பதுதான் அதில் பெரிய பங்கு. தண்டையார்பேட்டையிலிருந்த ஒரு சர்வீஸ்காரரை வரச் சொன்னேன். அவர் போனில் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். "ரேம் சேத்தா ஓடும்க்கா. ஆனா உள்ள எடம் உட்ருக்கானா இல்லியான்னு தொறந்தாத்தான் தெரியும். இல்லன்னா இத்த வித்துட்டு வேற பாத்துக்க வேண்டியதுதான்."

விற்றுவிட்டு வேறு வாங்க என்னிடம் ஏது? இடம் இருந்தால் என் வேலை என்னோடு. இல்லாவிட்டால் ஒன்றாம் தேதி வண்ணாரப்பேட்டை.

அவர் வந்து, மிஷினைத் துண்டின் மேல் குப்புறப் படுக்க வைத்து, ஸ்குரு டிரைவரை அந்த ஸ்டிக்கரில் வைத்ததும் நைனா கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தார்.

"யோவ்! கைய எடு!"

"வெறும் ஸ்டிக்கரு நைனா. வாரண்டியே முடிஞ்சிபோச்சி" என்றார் சர்வீஸ்காரர்.

"சீலுன்னா சீலுதான். மொறையாத்தான் ஒடைக்கணும். குந்து, தோ வந்துட்றேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனவர், பழைய கேங்கு தோஸ்துகள் இரண்டு பேரோடு திரும்பி வந்தார். இருவரும் இஸ்திரி போட்ட சட்டை. ஒருவர் தலைக்கு எண்ணெய்கூடத் தடவியிருந்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. என் பிழைப்பு அங்கே குப்புறக் கிடக்கிறது, இவருக்கு விளையாட்டு. எல்லோருக்கும் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

ஹாலில் நடவடிக்கை தொடங்கியது. "சீலு நல்லா கீதா பாரு மாமு." "கீது." "கிழிசல், ஒரசல்?" "ஒண்ணியும் இல்ல." "அப்ப சாட்சி நீங்க ரெண்டு பேரு." சர்வீஸ்காரர், "இப்பனா ஒடைக்கலாமா நைனா? எனக்கு மணலியில வேல கீது" என்றார்.

"இரு. பார்ட்டி வர்ல."

"எந்த பார்ட்டி?"

"பார்ட்டி வராம எவனும் சீல ஒடைக்க மாட்டான். வரட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. ரிச்சி தெருக் கடைக்காரரை வரச் சொல்லியிருக்கிறாரா? இல்லை, பழைய முதலாளியையேவா? டீத் தட்டோடு வேகமாக வெளியே வந்தேன்.

"யார வரச் சொன்ன நைனா? யாரு பார்ட்டி?"

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பார்ட்டி முன்னால் அப்படித்தான் நிற்பார்களாம், அப்புறம்தான் தெரிந்தது.

"நீதான பார்ட்டி. தட்ட வெச்சிட்டு வந்து நில்லு."

போய் நின்றேன்.

"பார்ட்டி சொல்லு. ஒடைக்கலாமா?"

நான்கு ஆண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் தலையை ஆட்டினேன். "வாயால சொல்லணும்" என்றார் நைனா.

"ஒடைங்க" என்றேன்.

ஸ்டிக்கர் கிழிந்தது, மூடி கழன்றது. சர்வீஸ்காரர் கரித்தூளை வாயால் ஊதினார். நைனா குனிந்து டார்ச் அடித்தார். பச்சைப் பலகையில் ஒரு ரேம் இருந்தது. அதன் பக்கத்திலேயே அதே நீளத்துக்கு ஒரு பள்ளம், ஒன்றும் இல்லாமல்.

"எடம் கீதுக்கா" என்றார் சர்வீஸ்காரர்.

"அட, எடம் வுட்டு வெச்சிகீறான் பாரேன்" என்று நைனா அந்தக் காலிப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடின பெட்டியைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

புது ரேம் பூட்டி, மிஷின் நிமிர்ந்து, பெரிய பேனர் ஒன்று ஒரே மடக்கில் திறந்தது. பழைய முதலாளிக்கு வரவில்லை என்று அப்போதே போன் செய்தேன். எண்ணெய் தடவிய தோஸ்து டீயைக் குடித்து முடித்துவிட்டு, "இன்னாப்பா, சீலு ஒடச்சா பார்ட்டி கேங்குக்கு டீ காசு குடுக்கறது மொறதான?" என்று கேலியாகக் கையை நீட்டினார். இன்னொருவரும் நீட்டினார். நான் சிரித்துக்கொண்டே பர்ஸை எடுத்து இருவருக்கும் கொடுத்துவிட்டு மூடப் போனேன்.

"பார்ட்டி, கேங்குல மூணு பேரு" என்று நைனாவும் கையை நீட்டினார்.