தறிகள் நின்ற காலை

எடப்பாடியில் மருத்துவர் ஒருவர் மூன்று மாடி மருத்துவமனை கட்ட இடம் வாங்கியிருந்தார். சேலத்தில் நான் பொறியாளராக இருக்கும் நிறுவனத்திடம் மண் பரிசோதனையை ஒப்படைத்தார். துளை போட்டு மண் எடுக்கும் வேலை முடிந்திருந்தது. நிலநடுக்கம் வந்தால் அந்த இடம் எப்படி ஆடும் என்று பார்ப்பதுதான் பாக்கி. தரையில் வரிசையாகச் சிறு கருவிகளை ஊன்றி, ஓர் இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடிப்போம். அதிர்வு வேகமாகப் பரவினால் மண் கெட்டி; மெதுவாகப் பரவினால் இளக்கம்.

அன்று சம்மட்டியை ஓங்கும் முன்பே கணினித் திரையில் கோடுகள் ஆடிக்கொண்டிருந்தன. வயரை மாற்றினேன். கருவிகளைப் பிடுங்கி வேறிடத்தில் ஊன்றினேன். ஆட்டம் நிற்கவில்லை. காலையிலிருந்து கேட்டுக் கேட்டு மரத்துப்போன சத்தம் அப்போதுதான் உறைத்தது. தெரு முழுக்க விசைத்தறி.

பக்கத்து வீட்டின் முன்னறையில் தறிகள், பின்னறையில் குடும்பம். ஐம்பது வயதுப் பெண் ஒருவர் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று கத்திக் கேட்டேன்.

“எதுக்குங்க?”

“நெலநடுக்கம் வந்தா மண்ணு எப்படி ஆடும்னு பார்க்கணுங்க. தறி ஓடுனா அந்த ஆட்டமும் சேர்ந்து பதியுது.”

அவர் சிரித்துவிட்டார். “எங்கூட்டு டம்ளரெல்லாம் தெனமும் ஆடிக்கிட்டுத்தான் கெடக்குது அம்மிணி. நாங்க மட்டும் நிறுத்தி என்ன பண்றது? தெருவே ஓடுது. நாளைக்குக் காத்தால ஷட் டவுனுங்க, கரண்டு இருக்காது. அப்ப வந்து அடிச்சுக்கங்க.”

மறுநாள் கரண்டு போனதும் தெரு மொத்தமும் ஒரேயடியாக அடங்கியது. உடனே அந்த வீட்டுக்குள் குழந்தை வீறிட்டது. அவருடைய பேத்தியாம். தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவள், சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாளாம். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வெளியே வந்தார். வேலையற்றுப் போன தெருவும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. இப்போது திரையில் அவர்களுடைய காலடி பதிந்தது.

யாரும் நடக்க வேண்டாம் என்று கேட்டேன். காதில் வாங்குவாரில்லை.

“எல்லாரும் அப்படியே ஒக்காருங்க. ஆரும் நடக்கப்படாது!” என்று அந்தப் பெண் ஓர் அதட்டல் போட்டார். உட்கார்ந்தார்கள். “இவ அழுவறதும் அதுல தெரியுங்களா?”

“தெரியாதுங்க. அழட்டும்.”

தகட்டை அடித்துப் பார்த்ததில், மேலே ஓராள் உயரத்துக்குக் கொட்டி நிரப்பிய இளகிய மண், அதற்குக் கீழே சுக்கான் என்னும் கெட்டியான சுண்ணாம்புப் பாறை. துளையில் கண்டதும் அதுதான். வந்து நின்ற மருத்துவர், நாலடி அஸ்திவாரம் போதுமா என்று கேட்டார்.

“போதாதுங்க. கொட்டுன மண்ணைத் தாண்டிச் சுக்கானுக்குப் போகணும்.”

அவர் முகம் சற்று வாடியது. சரிங்க என்று சொல்லிவிட்டு மேஸ்திரிக்குப் போன் செய்தார். கேட்டுக்கொண்டிருந்த பெண், “அப்ப எங்கூடு?” என்றார்.

ஒப்படைக்காத இடத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. ஆனால் கொட்டிய மண் காம்பவுண்டுச் சுவரோடு நின்றுவிடுவதும் இல்லை. வீட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன்.

“அப்ப வந்து பாருங்க சாமி.”

மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவர். ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை விரிசல். பரணில் பாவு நூலைச் சுற்றும் இரும்பு உருளைகளான பீம்களை அடுக்கியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே தொட்டில்.

“சுவரை ஒரு கட்டடப் பொறியாளர்கிட்டக் காட்டித்தான் சரி பண்ணணுங்க. ஆனா பீமை இன்னைக்கே இறக்கிடுங்க.”

அவர் நிமிர்ந்து பரணைப் பார்த்தார். பார்த்தபடியே கணவரைக் கூப்பிட்டார். எங்கே வைப்பது என்று முணுமுணுத்துக்கொண்டே கணவர் ஏறினார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். தேவைக்கு மேல் பயமுறுத்திவிட்டேனோ என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. சொன்னதில் வருத்தமில்லை.

அஸ்திவாரக் குழியைப் பார்க்க மறுபடி போனபோது அந்தப் பெண் வந்து பக்கத்தில் நின்றார்.

“பீமெல்லாம் நடையிலதான் கெடக்குதுங்க. எங்கூட்டுக்காரரு தெனமும் காலை இடிச்சுக்கிட்டு உங்களைத்தான் வையறாரு.”

“வையட்டுங்க. சுவரு?”

“தீவாளிக்கு அப்பறம் பாக்கலாம்ங்கறாரு.”

குனிந்து குழியைப் பார்த்தேன். குழியின் அடியில் சுக்கான் வெள்ளையாகத் தெரிந்தது. ஏணி வைக்கச் சொல்லி இறங்கினேன்.