நாலாம் பாட்டும் மொட்டைப்பாறை வளைவும்

1. சிக்கிக்கொண்ட கேசட்

முதல் நாள் என்னைப் பாடாய்ப் படுத்தியது ஸ்டியரிங் அல்ல, வண்டியின் பாட்டுச் செட்டில் சிக்கிக்கொண்டிருந்த ஒரு நாதஸ்வரக் கேசட். முந்தைய டிரைவர் அதைப் போட்டுவிட்டு வேலையை விட்டே போய்விட்டார். எஜெக்ட் பட்டனை அமுக்கினால் பட்டன்தான் உள்ளே போகும், கேசட் வெளியே வராது. சாவியைத் திருப்பினால் இஞ்சின் கிளம்புகிறதோ இல்லையோ, தவில் கிளம்பிவிடும்.

போடியிலிருந்து முந்தல் வழியாக மலையேறி, போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பு அது. காலையில் ஏற்ற வேண்டும், சாயங்காலம் இறக்க வேண்டும். முன்சீட்டில் என் பக்கத்தில் பேச்சியக்கா உட்காருவார். அந்தக் கூட்டத்துக்குக் கங்காணி அவர்தான். எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்ப்பதும் அவர், ஓட்டுகிற எனக்கு ஓட்டச் சொல்லித் தருவதும் அவர்.

முதல் கொண்டை ஊசி வளைவில் கெட்டிமேளம் கொட்டியது. பின்சீட்டிலிருந்து எஸ்தர் கேட்டார்.

"என்னண்ணே, பொண்ணு மாப்பிள்ளயக் காணோம், மேளம் மட்டும் முன்னால போகுது?"

"பந்தி தோட்டத்துலதான் ஆத்தா. களையெடுத்துட்டுச் சாப்பிடுவ" என்றார் பேச்சியக்கா.

செட்டைப் பிரிக்க மெக்கானிக்குக்கு நேரம் வாய்க்கும்வரை பல வாரம் அதே கேசட்தான். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதில் ஒரு ஆலாபனை என்னைப் பிடித்துக்கொண்டது. ராகம் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசிப்பவர் ஒரே சுரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் திருப்புவேன். அவர் விட்டால்தான் நான் விடுவேன். ஏற்றத்தில் அவசரப்பட்டு கியரை மாற்றாமல் பொறுத்து மாற்றக் கற்றுக்கொண்டது அந்த முகம் தெரியாத மனிதரிடம்தான். அவருக்கு என் முதல் நன்றி.

2. சேட்டன் கொடுத்தது, மலை ஏற வந்தவர்கள் விட்டுப்போனது

போடிமெட்டில் தாமஸ் சேட்டன் டீக்கடை வைத்திருந்தார். ஒருநாள் ஒரு மலையாளக் கேசட்டை என் கையில் வைத்து, "இது கேட்டு நோக்கு. இஷ்டப்பட்டில்லெங்கில் திரிச்சு தா" என்றார். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். ஆர்மோனியமும் தபலாவும் வைத்துக்கொண்டு ஒருவர் அவசரமே இல்லாமல் பாடுகிறார். பாதி வார்த்தை புரியவில்லை. அன்றைக்கு வீட்டில் சண்டை இல்லை, உடம்புக்கும் நோவில்லை, ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கே வெட்கமாகப் போயிற்று.

பெண்களுக்கு அது ஒத்துவரவில்லை. "இந்தாளுக்கு வீட்டுல யாரும் கஞ்சி ஊத்துறதில்லையாண்ணே?" என்று எஸ்தர் கேட்டார். அதற்குப்பின் அந்தக் கேசட்டைக் காலி வண்டியில் மட்டும்தான் போடுவேன். சில பாட்டைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். சேட்டனுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

இங்கிலீஷ் கேசட் குரங்கணியில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏற வருகிறவர்களை அங்கே கொண்டுபோய் விடுவேன். அப்படி வந்த ஒரு கூட்டம் சீட்டுக்கு அடியில் மறந்துவிட்டுப் போனது. ஒரு பக்கம் முழுக்க கிட்டாரும் டிரம்மும்தான், ஆள் பாடுவது எப்போதாவதுதான். முதல் தடவை கேட்டபோது வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்டபோதுதான் அந்த டிரம் எனக்குப் பிடித்துப்போனது. செகண்ட் கியரில் ஏறும்போது இஞ்சின் முனகுவதும் அந்த டிரம்மும் மாமன் மச்சான் மாதிரி ஒத்துப்போகும். பேச்சியக்கா மட்டும் காதைப் பொத்திக்கொள்வார். "எப்படா முடியும்னு இருக்கு அப்பு. பாட்டுனா முடியணும்" என்பார்.

3. மாற்றக் கூடாத கேசட்

இத்தனை இருந்தும் சாயங்காலம் இறங்கும்போது போடுவது ஒரே கேசட்தான். அது பெண்கள் வைத்த சட்டம். ஒரு அம்மாள் பாடிய முருகன் பாட்டுகள் அவை. சர்ச்சுக்குப் போகும் வேதக்காரரான எஸ்தர்கூட அதில் ஒரு பாட்டையும் விட்டுக்கொடுக்க மாட்டார். "சாமி ஒங்களது, ராகம் பொது" என்பார்.

அதில் ஒரு வசதி இருந்தது. மழைக்காலத்தில் ஜீப்பைச் சுற்றிப் படுதாவை இறக்கிக் கட்டிவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அவர்களுக்குப் பாட்டுத்தான் மைல்கல். போடிமெட்டு செக்போஸ்டைத் தாண்டியதும் முதல் பாட்டு. மூன்றாவது முடிந்தால் பாதி மலை. நாலாவது தொடங்கினால் மொட்டைப்பாறை வளைவு. கடைசிப் பாட்டு வந்தால் தூங்குகிறவர்களும் எழுந்து தூக்குவாளியைத் தேடுவார்கள். ஒருநாள் நான் தெரியாமல் மறுபக்கத்தைப் போட்டுவிட்டேன். அதில் கடைசிப் பாட்டு மாதிரியே தொடங்கும் ஒன்று முன்னாலேயே வந்துவிடும். நடுமலையில் டயரைப் பார்க்க வண்டியை நிறுத்தினேன். ஊர் வந்துவிட்டது என்று நாலைந்து பேர் பையோடு இறங்கி, மழையில் நின்றுகொண்டு என்னைத் திட்டினார்கள்.

அவர்களைக் கேலி செய்கிறேனே தவிர நானும் அப்படித்தான் ஆகியிருந்தேன். கை தானாகத் திருப்பும், காது வழி சொல்லும்.

4. நடுங்கிய கால்

ஒரு ஐப்பசி மழையில் மொட்டைப்பாறை வளைவில் மேலிருந்து மண்ணும் கல்லும் சரிந்து வந்தன. ஸ்டியரிங்கை ஒடித்தேன். பின்சக்கரம் ஒன்று ரோட்டை விட்டு அந்தரத்தில் நின்றது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக என் சீட்டைத் தாண்டி முன்பக்கமாக இறங்கினார்கள். நான் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். யார் உயிருக்கும் சேதமில்லை. எஸ்தருக்கு மட்டும் கை முறிந்தது.

எஸ்தரின் கை சேர்ந்துவிட்டது. என் வலது கால்தான் சரியாகவில்லை. மற்ற இடமெல்லாம் ஒழுங்காக ஓட்டுவேன். இறங்கும்போது செட்டில் நாலாவது பாட்டின் புல்லாங்குழல் கேட்டால் போதும், கால் ஆட ஆரம்பித்துவிடும். செட்டை அணைத்துவிட்டு, வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுவேன். அவர்கள் நடந்து வளைவைக் கடப்பார்கள். நான் காலி வண்டியை ஊரவிட்டுக் கொண்டுபோய் மறுபடி ஏற்றிக்கொள்வேன். ஆள் இல்லாவிட்டால் ஓட்ட முடியும். ஆள் இருந்தால் முடியாது. அத்தனை பேர் பிள்ளை குட்டிகள் வீட்டில் காத்திருப்பது அந்த ஒரு வளைவில்தான் எனக்கு ஞாபகம் வரும்.

நாள் முழுக்கத் தோட்டத்தில் குனிந்து வேலை செய்தவர்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. வேறு ஜீப்புக்கு மாறிப் போகவும் இல்லை. ஆனால் ஒரு சாயங்காலம் அப்படி நடந்து போனவர்கள்மேல் இறக்கத்தில் வந்த லோடு லாரி மோதப் பார்த்தது. பேச்சியக்கா ஒருத்தியைச் சேலையைப் பிடித்து இழுத்திராவிட்டால் காரியம் கெட்டிருக்கும். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜீப் ஓனர் காதுக்கும் அது போயிற்று. "தங்கராசு, ஆளுகள நடக்க விட்டுட்டு வண்டிய ஓட்டுறதுக்கு டிரைவர் எதுக்குப்பா? இந்த வாரத்தோட பாரு. ஆகலேன்னா கீழ மார்க்கெட் லோடு அடி. மலை வேண்டாம்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். எனக்கோ மலையை விட்டால் வேறு உலகம் தெரியாது. பேச்சியக்காவிடம் சொன்னேன். "சரி, பாப்போம்" என்றார், அவ்வளவுதான்.

5. மூடுபனி

அந்த வாரக் கடைசியில் மேலே கடும் மூடுபனி. சேட்டன் கடையில் டீ குடிக்க நிறுத்தினேன். பெண்கள் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மூலையில் கூடி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதிலாக வரப்போகும் டிரைவரைப் பற்றியதாக இருக்கும் என்று நினைத்தேன். மனசு கனத்துப்போயிற்று.

வண்டியை எடுத்தேன். செட்டு பேசவில்லை. தட்டிப் பார்த்தேன், உயிரில்லை.

"செட்டு போச்சுக்கா."

"போனாப் போகுது. நாங்க பாடுறோம், நீ ரோட்டப் பாரு" என்றார் பேச்சியக்கா.

செக்போஸ்டைத் தாண்டியதும் அவரே முதல் பாட்டை எடுத்தார். பின்னாலிருந்து எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். இடையில் வரும் வீணையை ஒருத்தி வாயாலேயே வாசித்தாள். எங்கள் கேசட்டில் டேப் ஒருமுறை சிக்கி இழுபட்டதால் ஓரிடத்தில் பாடகியின் குரல் தள்ளாடும். எஸ்தர் அந்தத் தள்ளாட்டத்தையும் சேர்த்துப் பாடினார். கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. தலையை வெளியே நீட்டி ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். வளைவு வந்தால் திருப்பினேன், அடுத்தது வந்தால் அதையும் திருப்பினேன். பனியில் எல்லா வளைவும் ஒரே முகம்தான்.

இரண்டாவது பாட்டில் பல்லவியை விட்டு நகராமல் சுற்றிச் சுற்றி அதையே பாடினார்கள். சரணம் மறந்துவிட்டது போல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் மூன்றாவது பாட்டு வந்தது. வேகத்தைக் குறைத்தேன்.

"அக்கா, அடுத்தது நாலு. எல்லாரையும் எறங்க ரெடியா இருக்கச் சொல்லுங்க."

"மூணே இன்னும் முடியல அப்பு. நீ ஓட்டு."

ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் காற்று சூடாக முகத்தில் அடித்தது. பனி கிழிந்து புளியமரங்கள் தெரிந்தன. அதற்குப்பின் ஒரு தடுப்புக் கம்பம், அதன்மேல் எரிகிற பல்பு. பிரேக்கை மிதித்தேன். கால் ஆடவில்லை.

"எங்கக்கா இருக்கோம்?"

"முந்தல்ல."

முந்தல் என்றால் மலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

"அப்ப மொட்டைப்பாறை?"

"அது ரெண்டாவது பாட்டுலயே போயிருச்சு."

ஒன்றும் புரியாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். பின்னாலிருந்து எஸ்தர் சொன்னார். "செட்டு ரிப்பேர் இல்லண்ணே. அக்காதான் ஒயர உருவிப்புட்டாக. நீங்க ரோட்ட நம்ப மாட்டீக, பாட்டத்தான் நம்புவீகன்னு எங்களுக்குத் தெரியும். சேட்டன் கடையிலயே பேசிட்டோம், மெதுவா இழுத்துப் பாடணும்னு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஏதாவது ஆகியிருந்தா என்னக்கா செஞ்சிருப்பீங்க?"

பேச்சியக்கா தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "ஆகியிருந்தா மொத ஆளா நானுல்ல போயிருப்பேன், முன்னால உக்காந்திருக்கேன். ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியும்னு எங்களுக்குத் தெரியும்ப்பா. ஒனக்குத்தான் மறந்துபோச்சு. வெரசா எடு, வீட்டுல சோலி கெடக்கு."

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. யாரும் என்னைத் தேற்றவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. நான் தலையைத் தூக்கும்வரை மூன்றாவது பாட்டின் மிச்சத்தைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

6. கற்றது

இப்போது வண்டி ஓட்டும் தம்பிகள் பென் டிரைவில் ஆயிரம் பாட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றையும் முழுசாக ஓடவிடுவதில்லை. உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு தொகுப்பைப் போட்டால் கடைசிவரை ஓடவிடுங்கள். பிடிக்காத பாட்டும் அதில் இருக்கும், அதற்கும் ஒரு வளைவு இருக்கும். இன்னொன்று, வண்டியில் பாட்டுக் கேட்கிறவன் நான் ஒருவன்தான் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்தவர்கள் பாட்டையும் கேட்டிருக்கிறார்கள், என்னையும் கேட்டிருக்கிறார்கள். என் கால் எந்தச் சத்தத்துக்கு நடுங்கும் என்று என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாடிய அந்த அம்மாளுக்கு நான் கடமைப்பட்டவன். அவர் பாட்டை மாற்றிப் பாடிய இவர்களுக்கு அதைவிடக் கடமைப்பட்டவன்.

அடுத்த வாரம் முதல் நாள் பனியில்லை, நல்ல வெளிச்சம். ஒயரைச் செருகிக் கேசட்டைப் போட்டேன். மூன்றாவது பாட்டு முடிந்து புல்லாங்குழல் தொடங்கியது. மொட்டைப்பாறை எதிரே தெரிந்தது. கால் லேசாக ஆடியது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். வழக்கமாக அந்த இடத்தில் இறங்கி நடப்பதற்காக எல்லோரும் குனிந்து செருப்பைத் தேடுவார்கள். அன்றைக்கு ஒருத்தியும் குனியவில்லை. எஸ்தர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் செட்டை அணைக்கவில்லை, வண்டியை நிறுத்தவும் இல்லை. வளைவைக் கடந்தபின் மிச்சப் பாட்டையும் கேட்டேன். விபத்துக்குப் பிறகு நாலாவது பாட்டை நான் முழுசாகக் கேட்டது அன்றுதான். நல்ல பாட்டு.