கத்தாத காவல் வாத்துகள்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் சவுரியம்மாளுக்குக் கோபம் வந்தால் யாரும் எதிரே நிற்க மாட்டார்கள். கீரி கோழிகளைப் பிடிக்கிறதே என்றுதான் அவள் இரண்டு கூஸ் வாத்துகளைக் குஞ்சாக வாங்கிவந்து, கோழிகளோடு சேர்த்தே வளர்த்தாள். பெரிதானதும் அவை கழுத்தை நீட்டிக் கத்திய கத்தலில் தபால்காரர்கூட தெருவிலேயே நின்றுவிடுவார். ஒரு வருஷம் கீரி எட்டிப் பார்க்கவில்லை.

இந்த மாதம் மட்டும் நான்கு கோழிகள் போய்விட்டன. எல்லாம் பகலில், அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில்.

"உன் வாத்துங்க வாயே தொறக்கல. தண்டத்துக்குத் தீனி போட்ற. வித்துடு," என்றான் அவள் கணவன் அருளப்பன். தோல் தொழிற்சாலையில் இந்த மாதம்தான் நைட் ஷிப்டுக்கு மாறி, பகலில் தூங்குகிறவன்.

சவுரியம்மாள் வாத்துகளைத் திட்டித் தீர்த்தாள். தவிட்டைக்கூடக் குறைத்துப் போட்டாள்.

சனிக்கிழமை கம்பெனியில் கரண்ட் போனதால் மத்தியானமே வீடு திரும்பினாள். கூண்டருகே கோழி இறகுகள் சிதறிக் கிடந்தன. கால் கழுவ பாத்ரூமைத் திறந்தால், இருட்டில் இரண்டு வாத்துகளும் ஒடுங்கி நின்றிருந்தன.

குறட்டை விட்டுக்கொண்டிருந்த அருளப்பனை உலுக்கி எழுப்பினாள்.

"இன்னா பண்றது, தூங்க வுடாம பேஜார் பண்ணுதுங்க. இருட்டுல அடைச்சாத்தான் கம்முனு இருக்குது. நீ வர்றதுக்குள்ள தெனம் தொறந்து வுட்டுடுவேன்," என்றான்.

அவன் பாயையும் தலையணையையும் தூக்கிக் கொண்டுபோய்க் கூண்டுக்கு முன்னால் வெயிலில் வீசினாள்.

"வாத்துங்க ஃபேன் காத்துல தூங்கட்டும். கீரி வந்தா நீ கத்து," என்றாள்.